டயலில் பேர் வேண்டாம்: பிடித்த வாட்சை நாமே கட்டுவது எப்படி

1950-களின் டைவர் வாட்ச் என்றால் எனக்கு உயிர். கறுப்பு டயல், மணிக்கு ஒரு வெளிச்சப் புள்ளி, சுற்றிலும் திருகக்கூடிய நிமிட வளையம், அவ்வளவுதான். ப்ளான்பேன் நிறுவனத்தின் ஃபிஃப்டி ஃபாதம்ஸ் 1953-இல் வந்தது. ரோலெக்ஸின் சப்மரைனரும் அதே காலத்துப் பிள்ளை. மூழ்குகிறவர் உள்ளே போய் எத்தனை நிமிடம் ஆயிற்று என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டும், அதற்காகப் பிறந்த வடிவம் அது. எழுபது வருடம் கழித்தும் அதில் கூட்டவோ குறைக்கவோ ஒன்றும் இல்லை.

ஆனால் சப்மரைனரின் விலை பல லட்சம். சேலத்தில் ஒரு பல் லேபில் செராமிக் பல் செய்கிறவள் நான். அந்தப் பணத்தைக் கையில் கட்டிக்கொண்டு பஸ்ஸில் போக எனக்கு மனசு வராது. இந்த ஆசை இருக்கிற பலரும் அடுத்துப் போகிற இடம் ‘ஃபர்ஸ்ட் காப்பி’. பெட்டி, கார்டு, கிரீடச் சின்னம் எல்லாவற்றோடும் போலி வாட்ச் வரும். அதை வாங்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் சட்டம். அடுத்தவர் வணிகக் குறியைப் பொய்யாகப் போடுவதும், அப்படிப் போட்ட பொருளை விற்பதும் 1999-ஆம் ஆண்டின் வணிகக் குறிச் சட்டப்படி குற்றம். 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆக, வாங்கியதை நாளைக்கு விற்கவும் முடியாது. இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் முக்கியம். போலியைச் செய்கிறவர் வெளித்தோற்றத்துக்குத்தான் காசு செலவழிப்பார். உள்ளே என்ன மெஷின், என்ன எண்ணெய், ரப்பர் வாஷர் இருக்கிறதா இல்லையா என்று உங்களுக்குத் தெரியாது. பழுதானால் கம்பெனி சர்வீஸ் சென்டர் கையால் தொடமாட்டார்கள்.

வடிவம் பிடித்திருக்கிறது, பேர் தேவையில்லை. அப்படியானால் உதிரி வாங்கி நாமே கட்டலாம். வெளிநாடுகளில், ஜப்பானின் சீக்கோ வாட்சை உதிரி மாற்றிக் கட்டும் ‘சீக்கோ மாட்’ என்று இது பெரிய பொழுதுபோக்காகவே வளர்ந்திருக்கிறது. 1996-இல் வந்த சீக்கோ எஸ்கேஎக்ஸ்007 என்ற டைவர் வாட்ச்தான் அதன் ஆணிவேர். விலை குறைவு, உடம்பு கெட்டி. அதற்கென்றே டயல், முள், கண்ணாடி, பெசல் (சுற்றியிருக்கும் நிமிட வளையம்) என்று தனித்தனியாகச் செய்து விற்க ஆட்கள் வந்துவிட்டார்கள். 2019-இல் சீக்கோ 5 ஸ்போர்ட்ஸ் புது வரிசை வந்தபோது அந்த உதிரிகளில் பல அதற்கும் பொருந்தின.

இந்த மாட் உலகத்திலும் ஒரு ஒழுங்கீனம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். வேறு யாரோ அச்சடித்த டயலில் ‘சீக்கோ’ என்று போட்டு விற்பார்கள். சிலர் சீக்கோ மெஷினுக்கு மேல் ரோலெக்ஸ் பேர் போட்ட டயலையே வைப்பார்கள். இரண்டும் போலிதான். ஒரு நிஜ சீக்கோவிலிருந்து கழற்றிய நிஜ டயல் என்றால் சரி. இல்லையென்றால் பேர் எதுவும் அச்சடிக்காத வெற்று டயல் வாங்குங்கள். கறுப்புப் பரப்பில் எழுத்தே இல்லாமல் புள்ளிகள் மட்டும் நிற்பது என் கண்ணுக்கு இன்னும் அழகு.

என்ன வாங்குவது

மெஷினிலிருந்து தொடங்குங்கள், டயலிலிருந்து அல்ல. என்எச்35 என்பது சீக்கோ குழுமம் மற்ற கம்பெனிகளுக்கு விற்கிற, கை அசைவிலேயே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் மெஷின். 24 ஜுவல் (தேய்மானத்தைக் குறைக்கும் கல்), மணிக்கு 21,600 அதிர்வு, முழுச் சாவியில் சுமார் 41 மணி நேரம் ஓடும். கிரவுனை, அதாவது பக்கவாட்டில் உள்ள சாவித் திருகை, இழுத்தால் நொடி முள் நிற்கும், கையாலும் சாவி கொடுக்கலாம். எஸ்கேஎக்ஸில் இருந்த பழைய 7எஸ்26-இல் இந்த இரண்டும் கிடையாது. தேதியோடு கிழமையும் வேண்டுமென்றால் என்எச்36.

நம் டயலில் தேதி ஜன்னல் இல்லை என்றால் என்எச்38 வாங்குங்கள். இதைப் பலர் கவனிப்பதில்லை. தேதி இல்லாத டயலுக்குக் கீழே என்எச்35 வைத்தால் வாட்ச் ஓடும், குறையில்லை. ஆனால் கிரவுனை இழுக்கும்போது நடுவில் ஒரு வெற்று நிலை வரும், கண்ணுக்குத் தெரியாத தேதித் தகடு ராத்திரி பன்னிரண்டுக்கு உள்ளே திரும்பிக்கொண்டிருக்கும். எனக்கு அது உறுத்தும். என்எச்38-இல் தேதி வேலையே கிடையாது.

கேஸ், அதாவது வாட்சின் உலோகக் கூடு, வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, அது என்எச் மெஷினுக்கென்றே செய்ததா என்பது. என்எச்35 27.4 மில்லிமீட்டர் அகலம், 5.32 மில்லிமீட்டர் உயரம். ஸ்விஸ் ஈடிஏ 2824 அதைவிடச் சின்னது, ஒல்லி. அதன் கேஸில் இது உட்காராது. இன்னொன்று, கிரவுன் மூன்று மணியில் இருக்கிறதா, எஸ்கேஎக்ஸ் மாதிரி நான்கு மணிப் பக்கம் இருக்கிறதா என்பது. டயலின் அடியில் மெல்லிய கால்கள் இருக்கும், அவை மெஷினில் உள்ள துளையில் இறங்கும். கிரவுனின் இடம் மாறினால் மெஷின் திரும்பும், துளையும் கூடவே திரும்பும். பல டயல்கள் நான்கு காலோடு வருவது இதனால்தான். நமக்கு வேண்டிய இரண்டை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அடியோடு வெட்டிவிடலாம். வெட்டும் முன் மெஷின் மேல் வைத்துப் பார்த்து, வேண்டாத கால்களில் மார்க்கர் வைத்துக்கொள்ளுங்கள்.

முள் செட்டில் துளை அளவு மணி முள்ளுக்கு 1.50, நிமிட முள்ளுக்கு 0.90, நொடி முள்ளுக்கு 0.20 மில்லிமீட்டர் என்று இருக்கவேண்டும். கண்ணாடி சஃபையராக வாங்குங்கள். கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் 9, வைரத்துக்கு அடுத்த இடம். கதவு, சுவர், மிக்சி ஜார் எதில் இடித்தாலும் லேசில் கீறல் விழாது.

உதிரிகள் வெளிநாட்டிலிருந்து வந்தால் சுங்க வரி சேரும், அதையும் கணக்கில் வையுங்கள். கருவிகளுக்கு நான் இணையத்தைத் தேடவில்லை. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்குச் சாமான் விற்கிற கடைகளில் நல்ல ட்வீசர், கண்ணில் மாட்டும் லென்ஸ், மெல்லிய அரம், எமரி தாள் எல்லாம் கிடைக்கிறது. நகைப் பட்டறை உள்ள எந்த ஊரிலும் இப்படி ஒரு தெரு இருக்கும். வாட்சுக்கென்று தனியாக வாங்கவேண்டியவை முள் பதிக்கும் கருவி, முள் எடுக்கும் நெம்பு, மெஷினைப் பிடிக்கும் ஸ்டாண்டு, பேக் கவர் திருப்பும் சாவி, தூசியை ஒற்றி எடுக்கும் ரோடிகோ என்ற பச்சை நிறப் பசைக்கட்டி.

தூசி

முள்ளைவிடத் தூசிதான் பெரிய வேலை. கறுப்பு டயலில் ஒரு துளி பஞ்சு விழுந்தாலும் கண்ணாடி போட்ட பிறகு அது மட்டும்தான் தெரியும். அறையை ஈரத்துணியால் துடைத்து, ஃபேனை நிறுத்தி, அரை மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு உட்காருங்கள். பாலியெஸ்டர் துணி உடுத்த வேண்டாம், மின்னூட்டம் ஏறித் தூசியை இழுக்கும். தலையை இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். விரலுக்கு உறை போடுங்கள், டயலில் கைரேகை பட்டால் பெயின்ட் கெடாமல் துடைப்பது கடினம். வாயால் ஊதவே கூடாது, எச்சில் தெறிக்கும். ரப்பர் பல்ப் ஊதுகுழல் போதும். பல் லேபில் கற்ற பழக்கம் இதெல்லாம், எனக்கு அப்படியே கைகொடுத்தது.

மேசை மேல் வெளிர் நிற டவல் ஒன்றை விரியுங்கள். நொடி முள் விழுந்தால் அதில் உருளாது, கண்ணுக்கும் தெரியும்.

டயலும் முள்ளும்

முதலில் மெஷினிலிருந்து தண்டைக் கழற்ற வேண்டும். கிரவுன் மாட்டுகிற மெல்லிய கம்பி அது. அது உள்ளே போகிற இடத்துக்குப் பக்கத்தில் குழி போட்ட ஒரு சின்னத் தகடு தெரியும். அதை மெதுவாக அழுத்தியபடி தண்டை இழுத்தால் வந்துவிடும். அழுத்தம் லேசாக இருக்கட்டும். பலமாக அழுத்தினால் கீழே உள்ள நெம்புகள் இடம் மாறி, பிறகு தண்டு உள்ளே பிடிக்காது.

டயலை வைத்து அழுத்தினால் கால்கள் துளைகளில் இறங்கும். பக்கவாட்டில் பார்த்து எங்கும் தூக்கிக்கொண்டு நிற்கவில்லையே என்று சரிபாருங்கள். இனி தண்டைத் திரும்பச் சொருகிவிட்டு முள்ளுக்கு வரலாம். தேதி உள்ள மெஷின் என்றால் தேதி ‘டக்’கென்று மாறும் வரை முன்னோக்கித் திருப்பி, அந்த நொடியில் நிறுத்தி, எல்லா முள்ளையும் பன்னிரண்டில் பதியுங்கள். என்எச்38-க்கு அந்தக் கவலை இல்லை.

மணி முள்ளைப் பன்னிரண்டுக்கு நேராக வைத்து, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்றை வைத்து, கருவியால் நேராகக் கீழே அழுத்துங்கள். தாள் இல்லாமல் அழுத்தினால் பளபளப்பில் தழும்பு விழும். பிறகு நிமிட முள், அதுவும் பன்னிரண்டில். இப்போது கிரவுனைச் சுற்றி முள்களை ஒரு முழுச் சுற்று ஓட்டுங்கள். ஒவ்வொரு மணியிலும் நிமிட முள் சரியாகப் பன்னிரண்டில் இருக்கும்போது மணி முள் சரியாக எண்ணில் நிற்கவேண்டும். மூன்று மணியில் ஒரு மயிரிழை விலகினாலும் எடுத்து மறுபடி பதியுங்கள். நிமிட முள் பெசலோடு சேர்ந்துதான் நேரத்தைச் சொல்லும், அது கோணினால் டைவர் வாட்ச் என்பதற்கே அர்த்தமில்லை.

நொடி முள்ளுக்கு மட்டும் நிதானம் வேண்டும். அதன் குழாய் 0.20 மில்லிமீட்டர். லென்ஸ் மாட்டி, ரோடிகோ நுனியால் முள்ளை எடுத்து, குழாய் அச்சின் மேல் உட்கார்ந்துவிட்டது என்று உணர்ந்த பிறகுதான் அழுத்த வேண்டும். சரியாக உட்கார்ந்திருந்தால் முள் ஆடாது, நகர்த்தினால் திரும்பும். மூன்று முள்ளுக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று பக்கவாட்டில் பாருங்கள். பன்னிரண்டு மணி நேரம் ஓடவிட்டு, எங்கும் உரசவில்லை என்று தெரிந்த பிறகு கேஸை மூடுங்கள்.

தண்டை வெட்டுவது

புது மெஷினோடு வரும் தண்டு நீளமாக இருக்கும். கேஸுக்கு ஏற்ப வெட்ட வேண்டும். மெஷினைக் கேஸில் வைத்து, தண்டில் கிரவுனை மாட்டி உள்ளே சொருகுங்கள். கிரவுனுக்கும் கேஸுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறதோ அவ்வளவு வெட்ட வேண்டும். ஆனால் ஒரே தடவையில் வெட்டாதீர்கள். அளவைவிடக் கொஞ்சம் குறைவாக வெட்டி, மீதியை அரத்தால் தேயுங்கள். ஒவ்வொரு தேய்ப்புக்கும் ஒரு முறை மாட்டிப் பாருங்கள். திருகி மூடுகிற கிரவுனாக இருந்தால் அதை உள்ளே அழுத்தித் திருகிப் பார்த்துத்தான் அளவு முடிவாகும். நீளம் அதிகமானால் முழுவதும் திருகாது. குறைந்தால் நேரம் வைக்கிற நிலைக்கு இழுக்கும்போது பிடிக்காது. முடிந்ததும், பின்னால் கழற்ற முடிகிற வகைத் திருகுப் பசை ஒரு துளி போதும்.

பேக் கவர் மூடும் முன் ரப்பர் வளையத்துக்கு சிலிக்கான் கிரீஸ் லேசாகத் தடவுங்கள். இதோடு 200 மீட்டர் ஆழம் தாங்கும் என்று நம்பிவிடாதீர்கள். கேஸில் அப்படி எழுதியிருந்தாலும், திறந்து மூடிய வாட்சை அழுத்தச் சோதனை செய்யாமல் தண்ணீரில் விடக்கூடாது. அந்தச் சோதனைக் கருவி வைத்திருக்கிற ரிப்பேர் கடைகள் உண்டு, எங்கள் கடைவீதி அண்ணன் பத்து நிமிடத்தில் பார்த்துக் கொடுத்துவிடுவார். வீட்டில் ஒரு சின்னப் பரிசோதனை செய்யலாம். வாட்சை வெதுவெதுப்பாக, 40 டிகிரி சூட்டுக்குக் கொண்டுவந்து கண்ணாடி மேல் ஒரு சொட்டுக் குளிர்ந்த தண்ணீர் விடுங்கள். ஒரு நிமிடம் கழித்துத் துடைத்தால் உள்பக்கம் பனி படர்ந்திருக்கக் கூடாது. படர்ந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது.

ஓட்டம்

என்எச் மெஷின்களுக்குக் கம்பெனி சொல்லும் கணக்கு நாளுக்கு 20 நொடி பின்னாலும் 40 நொடி முன்னாலும் வரை. பெரும்பாலும் அதைவிட நன்றாகவே ஓடும். திருத்த வேண்டுமென்றால் ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபர் கருவியோ, மைக் வழியே டிக்டிக் கேட்கும் ஃபோன் ஆப்போ வேண்டும். கருவியின் கணக்குக்கு வேண்டிய ‘லிஃப்ட் ஆங்கிள்’ என்ற அளவை 53 டிகிரி என்று அதில் வையுங்கள். பேலன்ஸ், அதாவது முன்னும் பின்னும் ஆடும் சக்கரம், பக்கத்தில் இரண்டு சின்ன நெம்புகள் இருக்கும். ஒன்று வேகத்துக்கு, இன்னொன்று டிக்குக்கும் டாக்குக்கும் உள்ள சமநிலைக்கு. வேகத்துக்கானதைப் பல்குத்தும் மரக்குச்சியின் நுனியால், நகர்ந்ததா என்றே சந்தேகம் வரும் அளவுக்கு மட்டும் தொடுங்கள். உலோகக் கருவி வேண்டாம், பக்கத்தில்தான் அந்தச் சக்கரத்தின் மெல்லிய மயிர்ச்சுருள் இருக்கிறது.

நல்லபடி ஓடிய வாட்ச் திடீரென்று நிமிடக் கணக்கில் முந்தினால் நெம்பைத் தொடாதீர்கள். காந்தம் ஏறியிருக்கும். ஸ்பீக்கர், காந்த மூடி உள்ள பை, ஃபோன் கவர் எதுவும் காரணமாகலாம். பக்கத்தில் திசைகாட்டி வைத்தால் முள் ஆடும். காந்தம் நீக்கும் பெட்டி மலிவாகவே கிடைக்கிறது, நொடியில் சரியாகிவிடும்.

சேர்ப்பது

கட்டிய ஒவ்வொரு வாட்சுக்கும் ஒரு நோட்டில் ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். கேஸ் எங்கிருந்து, என்ன மெஷின், எந்த முள், எப்போது திறந்தேன் என்று. பின்னால் யாருக்காவது கொடுத்தாலும் விற்றாலும் அந்தப் பக்கத்தின் நகலையும் சேர்த்தே கொடுக்கவேண்டும். இந்தப் பழக்கம் எச்எம்டி வாட்ச் சேர்க்கப் போனபோது வந்தது. 1961-இல் சிட்டிசன் ஒத்துழைப்போடு பெங்களூரில் தொடங்கிய எச்எம்டியின் 17 ஜுவல் ஜனதா, சாவி கொடுத்து ஓட்டும் அற்புதமான வாட்ச். இன்று சந்தையில் புதுசு போலப் பளபளக்கிற ஜனதாக்களில் ஏராளமானவை மறுபடி பெயின்ட் அடித்த டயல்கள். அச்சு தடித்திருக்கும், எழுத்து வரிசை கோணியிருக்கும், கம்பெனி ஒருபோதும் போடாத நிறங்கள் வரும். பழைய சீக்கோ 5-களும் இப்படி வரும், உலகம் முழுக்கச் சேகரிப்பவர்கள் அவற்றை ‘மும்பை ஸ்பெஷல்’ என்கிறார்கள். பழைய டயலுக்குப் பெயின்ட் அடித்ததைக்கூட விட்டுவிடலாம், அதைச் சொல்லாமல் விற்பதுதான் தப்பு. மங்கிய அசல் டயலா, மின்னும் புது டயலா என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு மங்கியதை எடுப்பேன்.

படம்

வாட்சைப் படமெடுப்பது என்பது பாதி பிரதிபலிப்போடு நடக்கும் போராட்டம். நேர் வெயில் வேண்டாம், ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். வடக்குப் பார்த்த ஜன்னலில் காலை பத்து மணி வெளிச்சம் அருமை. வேறு திசை ஜன்னல் என்றால் பட்டர் பேப்பர் ஒட்டிவிடுங்கள், ஒளி பரந்து மெத்தென்று விழும். கண்ணாடியில் உங்கள் ஃபோனும் முகமும் தெரிவதைத் தடுக்க, கறுப்பு சார்ட் அட்டையில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு அதன் வழியே எடுங்கள். டயலுக்கு மேலே இருப்பது கறுப்பு என்றால் கண்ணாடியே இல்லாதது போல டயல் தெரியும். எதிர்ப்பக்கம் வெள்ளை அட்டை ஒன்றைச் சாய்த்து வைத்தால் கேஸின் ஓரத்தில் வெளிச்சக் கோடு ஒன்று ஓடும். கேமராவில் போலரைசிங் ஃபில்டர் இருந்தால் கண்ணாடியின் பளபளப்பைக் குறைக்கும், உலோகத்தின் பளபளப்பை அது தொடாது. அதற்கு அட்டைதான்.

ஃபோனைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். வைட் லென்ஸில் கிட்டே போனால் வட்டம் முட்டையாகும், கிரவுன் வீங்கும். ஒன்றரை அடி தள்ளி நின்று 2 அல்லது 3 மடங்கு ஜூம் வையுங்கள். கேமரா என்றால் 100 மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸில் எஃப்/8 முதல் எஃப்/11 வரை. பெசலும் டயலும் சேர்ந்து கூர்மையாக வராவிட்டால் ஃபோகஸை நகர்த்தி நகர்த்திப் பல படம் எடுத்து ஒன்றாகச் சேர்க்கலாம்.

முள்ளை பத்து பத்துக்கு அருகே வைப்பது வழக்கம். டயலின் மேல்பாதி திறந்து நிற்கும், மூன்று மணியில் தேதி இருந்தால் அதுவும் மறையாது. கிரவுனை இழுத்து நொடி முள்ளை 35-க்கும் 40-க்கும் நடுவே நிறுத்துங்கள். பெசலின் முக்கோணம் சரியாகப் பன்னிரண்டில் இருக்கட்டும். எடுக்கும் முன் மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, ஊதுகுழலால் ஊதி, பிறகு திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத தூசி அங்கே கல்லாகத் தெரியும். அதை அழிக்கும் மென்பொருளை நம்புவதைவிட இன்னொரு முறை துடைப்பது சுலபம்.

லூம், அதாவது இருட்டில் மின்னும் பூச்சு, ஒளிர்வதை எடுக்க, புற ஊதா டார்ச்சை அரை நிமிடம் காட்டி, அறையை இருட்டாக்கி, ஸ்டாண்டில் வைத்துச் சில நொடிகள் எக்ஸ்போஷர் கொடுங்கள். டார்ச்சை அணைத்த உடனே எடுக்கவேண்டும், முதல் சில நிமிடங்களில்தான் வெளிச்சம் பலமாக இருக்கும். வாட்ச் ஓடிக்கொண்டிருந்தால் நொடி முள் விசிறியாகிவிடும், அதனால் இதற்கும் கிரவுனை இழுத்தே வையுங்கள்.

படத்தின் கீழே உதிரி விவரத்தை எழுதுங்கள்: கேஸ் 39 மிமீ, மெஷின் என்எச்38, பேர் இல்லாத டயல், சஃபையர் கண்ணாடி. யாராவது சப்மரைனரா என்று கேட்டால் பதில் அதிலேயே இருக்கிறது.

கையில் கட்டி எடுக்கும் படத்துக்கு ஒரு வார்த்தை, குறிப்பாக என்னைப்போல மணிக்கட்டு சின்னதாக உள்ளவர்களுக்கு. கேஸின் அகலத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பட்டை மாட்டும் மேல் கொம்பின் நுனியிலிருந்து கீழ்க் கொம்பின் நுனி வரை அளந்து, அது மணிக்கட்டின் தட்டையான மேல்பகுதிக்குள் அடங்குகிறதா என்று பாருங்கள். அடங்கினால் 39 மில்லிமீட்டரும் அழகாக உட்காரும். ஃபோனைக் கைக்கு மேலே பிடித்து எடுத்தால் வாட்ச் தட்டு மாதிரி பெரிதாகத் தெரியும். கையை நீட்டி, வாட்சைத் தோள் உயரத்தில் வைத்து, இன்னொருவரைத் தள்ளி நின்று எடுக்கச் சொல்லுங்கள். அப்போதுதான் அது கையில் எப்படி இருக்கிறதோ அப்படியே வரும்.